விழுந்தது என் பங்கு

தோப்பில் எனக்குக் கூலி என்று எதுவும் கிடையாது. மரத்தில் இருப்பது ஐயா வீட்டுக்கு, கீழே விழுந்தது எனக்கு. என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் ஐயாவே கூப்பிட்டுச் சொன்ன பேச்சு அது. எனக்கு முன்னால் தோப்பைப் பார்த்தவளுக்கும் அதே பேச்சுதான் இருந்ததாம்.

தோப்பு கொள்ளிடத்துப் படுகையில் இருக்கிறது. கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே வண்டல் படிந்த நிலம். பதினாறு ஒட்டு மாமரங்கள். கரை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கண்ணுக்கெட்டிய வரைக்கும் நெல்தான். தோப்பின் மூலையில் ஒரு கூரை போட்டுக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள். சருகு கூட்டுவது, ஆடு நுழையாமல் பார்ப்பது, கோடையில் மரத்துக்குத் தண்ணீர் கட்டுவது, காய் முற்றும் காலத்தில் அணிலையும் கிளியையும் விரட்டுவது, இவ்வளவும் என் வேலை. ரேஷன் அரிசி வந்துவிடும். மற்ற எல்லாவற்றுக்கும், எண்ணெயிலிருந்து சேலை வரைக்கும், விழுந்த மாங்காய்தான்.

மாமரம் பூத்ததையெல்லாம் காயாக்காது. பிடித்த பிஞ்சையெல்லாம் வைத்துக்கொள்ளவும் செய்யாது. பட்டாணி அளவில் கொஞ்சம் உதிர்க்கும். அது எதற்கும் ஆகாது, சருகோடு கூட்டித் தள்ள வேண்டியதுதான். அப்புறம் கோலிக்குண்டு அளவில் உதிர்க்கும். அதுதான் வடு. என் வருஷமே அந்த இருபது முப்பது நாளில் இருந்தது. காலையில் எழுந்ததும் ஒரு தரம், வெயில் ஏறுமுன் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் மரத்தடிகளைச் சுற்றுவேன். சருகின் மேல் விழுகிற சத்தத்தை வைத்தே எந்த மரம், எவ்வளவு பெரிய பிஞ்சு என்று சொல்லிவிடுவேன். கழுவி, ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மிளகாயும் கடுகும் இடித்துப் போட்டு ஜாடியில் குலுக்கி வைத்தால் பத்து நாளில் தோல் சுருங்கிப் பக்குவமாகிவிடும். கும்பகோணத்தில் இரண்டு மெஸ்காரர்கள் ஜாடியோடு வாங்கிக்கொள்வார்கள்.

முதல் ஜாடி மட்டும் ஐயா வீட்டுக்கு. அதிலும் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய வெள்ளி அன்று மாதா கோயிலில் கஞ்சி ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ள வடு ஐயா வீட்டிலிருந்து போகும். ஊரே வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கும். அம்மா வீட்டு வடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது எனக்குச் சௌகரியம். பேர் சொல்லி யாராவது என்னைத் திரும்பிப் பார்த்தால் எனக்குக் காதெல்லாம் சுட்டுவிடும். கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவேன்.

அம்மா என்று நான் சொல்கிற ஐயா வீட்டம்மாவும் நானும் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சு. வாய்ப்பாட்டில் நான் அவர்களுக்கு எடுத்துக்கொடுத்திருக்கிறேன். அவர்கள் மேலே படிக்க டவுனுக்குப் போனார்கள். எனக்குக் கைக்குழந்தையாக ஒரு தம்பி இருந்தான். எங்கள் அம்மா அவனைப் பெற்ற கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். ஐயா வீட்டம்மாவை நான் வாங்க, சொல்லுங்க என்பேன். அவர்கள் என்னை நீ என்பார்கள். நாங்கள் ஒரே பெஞ்சில் இருந்ததை இரண்டு பேரும் ஒரு நாளும் பேசியதில்லை.

அம்மாவிடம் ஒரு சோதனை இருந்தது. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு தோப்பு வாசல் படலைத் தாண்டும்போது சில நாள் எதிரே நிற்பார்கள். கூடையை இறக்கச் சொல்லி, ஏழெட்டுப் பிஞ்சை எடுத்து, காம்பு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். தானாக உதிர்ந்ததில் அந்த இடம் ஆறிப்போய் உலர்ந்திருக்கும். பறித்ததில் பால் வரும். பால் வந்தால் திருட்டு.

ஒரு வருஷம் பங்குனியில் ஒரு சாயங்காலம் திடீரென்று காற்று அடித்தது. அது பிய்த்துப் போட்டதைத்தான் பொறுக்கி எடுத்து வந்தேன். அம்மா அழுத்தினார்கள். பால் வந்தது. இன்னொன்றை அழுத்தினார்கள், அதிலும் வந்தது. கரை மேல் நடவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பெண்களை நிறுத்தி, "பால் வடியுது பாருங்க. மரம் அழுவுது, இவ சிரிக்கிறா" என்றார்கள். நான் சிரிக்கவில்லை. பயத்தில் என் வாய் அப்படித்தான் கோணிக்கொள்ளும். காற்று பிய்த்துப் போட்டதிலும் பால் வரும் என்று சொல்ல வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூடையைக் குப்பைக்குழியில் கவிழ்த்து மண் தள்ளச் சொன்னார்கள். தள்ளினேன். தள்ளி முடித்ததும் ரொம்ப அன்பாக, "வேணும்னா வாய தொறந்து கேளேன், நான் குடுக்கமாட்டேனா?" என்றார்கள். நடவுப் பெண்கள் எல்லோரும் அம்மாவுக்கு நல்ல மனசு என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

அந்த மருந்து வந்தது ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால். ஐயா விவசாயிகள் கூட்டம் ஒன்றுக்குப் போய் வந்து, பிஞ்சு உதிராமல் இருக்க மருந்து இருக்கிறது என்றார். பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போது ஒரு தரம், கோலிக்குண்டு அளவில் ஒரு தரம் அடிக்க வேண்டும். பத்து லிட்டர் தண்ணீருக்கு நாலு நாலரை மில்லிதான், அதற்கு மேல் போகக்கூடாது. காம்பும் பிஞ்சும் சேருகிற இடம் இற்றுப்போய்த்தான் பிஞ்சு விழுகிறது, அந்த இடத்தை இந்த மருந்து இற்றுப்போகாமல் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கே விளக்கினார். நல்லதுங்க ஐயா என்றேன்.

அடித்தவன் என் தம்பி. அவன் பிழைப்பே மருந்து அடிப்பதுதான். ஒரு எஞ்சின், நீளமான ஓஸ், துப்பாக்கி மாதிரி ஒரு குழாய், ஒரு நீல டிரம், எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு வயல் வயலாகப் போவான். சின்ன மூடியில் மருந்தை அளந்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துத்தான் ஊற்றுவான். பதினாறு மரத்துக்கும் ஒரு டிரம் சரியாக இருந்தது. டிரம்முக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தது நான்.

மருந்து வேலை செய்தது. அந்த வருஷம் மூன்று வேளையும் சுற்றினேன். சருகுதான் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு மடி கிடைத்தால் அதிகம். தலையை நிமிர்த்திப் பார்த்தால் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. அம்மா படலண்டை நின்று என் கூடையை எட்டிப் பார்த்தார்கள். அழுத்திப் பார்க்கக்கூட அதில் ஒன்றும் இல்லை. "என்ன, இந்த வருஷம் ஒன் மரம் காய்க்கலையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். அதைக் கோயிலிலும் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி.

மொத்தமே இரண்டு ஜாடி. ஒன்று வழக்கப்படி ஐயா வீட்டுக்குப் போனது. அந்த மழைக்காலம் எப்படிப் போனது என்று எழுதப்போவதில்லை. கூலி கேட்க எனக்கு வாய் வராது என்பதால் தம்பியை விட்டுக் கேட்டேன். ஐயா கோபப்படவே இல்லையாம். "பேச்சு பேச்சுதாம்ப்பா. விழுந்தது அவளுக்கு. விழலேன்னா நான் போயி மரத்த உலுக்க முடியுமா?" என்றாராம். தம்பி அதை என்னிடம் அப்படியே சொல்லிக் காட்டினான், ஐயாவின் குரலிலேயே. சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். எனக்கு அது மறக்கவில்லை.

மறு வருஷம் மரங்கள் இன்னும் நன்றாகப் பூத்தன. பட்டாணி அளவில் முதல் தரம் அடித்தாயிற்று. ஒன்றும் உதிரவில்லை. கோலிக்குண்டு அளவில் இரண்டாம் தரம் அடிக்கத் தம்பி ஒரு காலை வந்தான். முதல் நாள் கரைக்கு அந்தப் பக்கம், போர்த் தண்ணீரில் வைத்த கோடை நடவுக்குக் களைக்கொல்லி அடித்திருந்தான். பாதியில் எஞ்சின் மக்கர் பண்ணிவிட்டதாம், ராத்திரிதான் சரி பண்ணினானாம். டிரம்மின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் களைக்கொல்லித் தண்ணீர் கிடந்தது. பெட்ரோல் வாங்கப் போக வேண்டும் என்று அவசரப்பட்டான்.

"அக்கா, இத தூரக் கொண்டுபோயி கொட்டிட்டு மூணு தண்ணி அலசிடு. சோப்புத்தூள் போட்டு அலசு. மறந்துடாத, இது பொல்லாதது" என்றான்.

பொல்லாதது என்று எனக்குத் தெரியாதா? முந்தின வருஷம் இதே டிரம்மை என் கூரைக்குப் பக்கத்தில் அவன் கழுவி ஊற்றியதில் நான் வைத்திருந்த கத்தரிச்செடியெல்லாம் கொழுந்து சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு, பூவும் பிஞ்சும் கொட்டிப்போனது. நெல்லை ஒன்றும் செய்யாது, அகலமான இலை உள்ள எதையும் விடாது. அதை எனக்குச் சொன்னதே அவன்தான்.

பம்புசெட்டண்டை டிரம்மை உருட்டிக்கொண்டு போய் நிமிர்த்தி வைத்தேன். மூடியைத் திறந்தேன். ஆஸ்பத்திரித் தரை கழுவுகிற மருந்து மாதிரி ஒரு வாடை. உள்ளே எட்டிப் பார்த்தேன். சோப்புத்தூள் பொட்டலம் என் கையிலேயே இருந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்தத் தண்ணீரின் மேலேயே பம்புத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். நிரம்பியது.

கொஞ்சம் விழட்டும் என்றுதான் நினைத்தேன். ஐந்து ஜாடிக்கு வேண்டியது விழுந்தால் போதும். அவ்வளவுதான் கணக்கு.

தம்பி பெட்ரோலோடு வந்தான். மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டான். "அலசியாச்சா?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். நான் யாருக்கும் வாயால் பதில் சொல்கிறவள் இல்லை. தலையாட்டினால் அது சத்தியம் மாதிரி என்பது அவனுக்குக் குழந்தையிலிருந்தே தெரியும். மூடியால் அளந்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, ஒவ்வொரு மூடியையும் எண்ணி ஊற்றினான். பதினாறு மரமும் சொட்டச் சொட்ட நனைந்தன. வேலை முடிந்ததும் என் கையால் நீராகாரம் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் கொழுந்துகள் சுருண்டன. காம்புகள் தேள் கொடுக்கு மாதிரி வளைந்துகொண்டன. ஐந்தாம் நாள் காலையில் சத்தம் ஆரம்பித்தது. முதல் கூடையை நிரப்பியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மத்தியானம் இரண்டாவது கூடை. சாயங்காலம் பொறுக்கி முடிக்கவில்லை, பொறுக்கிய இடத்திலேயே மறுபடி விழுந்துகொண்டிருந்தது. மறு நாளும் அப்படியே. அதற்கு மறு நாளும். ஒரு வாரத்தில் பதினாறு மரத்திலும் ஒன்றும் மிச்சமில்லை. இலைதான் நின்றது, அதுவும் முறுக்கிக்கொண்டு. காலடி வைத்தால் பிஞ்சு நசுங்கும், தோப்பில் நடக்கவே முடியவில்லை.

ஐயா விவசாய ஆபீசரைக் கூட்டி வந்தார். ஆபீசர் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தார். உதிராமல் பிடிக்கிற மருந்தே அளவு கூடினால் உதிர்த்துவிடும், கொழுந்தும் சுருளும், ஆள் கண்ணளவாக ஊற்றியிருப்பான் என்றார். டிரம்மைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என்னை யாரும் பார்க்கவே இல்லை. துடைப்பத்தை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன்.

தம்பியை வரச் சொன்னார்கள். "மூடியாலதான் அளந்தேங்கய்யா" என்றான். எத்தனை மூடி என்று ஐயா கேட்டார். சொன்னான். மறுபடி கேட்டார். சொன்னான். நாலாவது தரம் கேட்டபோது அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஒரு மூடி கூடப் போயிருக்குமோ என்னமோங்கய்யா" என்றான். அது போதுமாக இருந்தது. ஐயா சத்தம் போடுகிறவர் இல்லை. அந்தக் கோடை முடியும் வரைக்கும் பதினாறு மரத்துக்கும் தினம் அவனே தண்ணீர் கட்ட வேண்டும், சும்மா கட்ட வேண்டும் என்றார். டிரம்மைப் பிடுங்கிப் படலண்டை கரையில் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வைக்கச் சொன்னார். கேட்கிறவர்களுக்கெல்லாம், இது தோப்பை மொட்டையடித்தவனுடைய டிரம் என்று அவரே நின்று சொன்னார்.

அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். "விழுந்தது ஒன் பங்குதானே? ஒன்னு விடாம பொறுக்கு. நான் பாக்கணும்" என்றார்கள். பொறுக்கியதையெல்லாம் அந்த டிரம்மிலேயே போடச் சொன்னார்கள். இரண்டு நாள் குனிந்தபடியே கிடந்தேன். டிரம் நிரம்பி மேலே குவிந்து நின்றது. "ஒன் வாழ்நாள்ல இவ்ளோ கெடச்சிருக்காதே. சந்தோஷமா?" என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டவில்லை. இல்லை என்றும் ஆட்டவில்லை. தம்பி தண்ணீர் கட்டிக்கொண்டே என்னைப் பாவமாகப் பார்த்தான். எனக்காக வருத்தப்படுகிறான் என்று எனக்குத் தெரிந்தது.

நான் ஜாடி போடவில்லை. அந்தப் பிஞ்சில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை உப்பில் போட்டு ஊருக்குக் கஞ்சியோடு கொடுக்க எனக்குக் கை வரவில்லை. டிரம்மில் அது கறுத்துப் புளித்துக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமல் இந்த ஒரு வருஷம் போய்விடும் என்று நினைத்தேன்.

பெரிய வெள்ளிக்கு ஆறு நாள் இருக்க, குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள் காலையில் அம்மா காலி ஜாடியை எடுத்துக்கொண்டு தோப்புக்கே வந்தார்கள். ஐயா பின்னால் வந்தார். தம்பி ஓஸைப் பிடித்து ஆறாவது மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"கஞ்சிக்கு வடு எங்க?" என்றார்கள் அம்மா.

நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரு டிரம் நெறைய கெடக்கு. இத்தன வருஷம் ஒத்தப் பிஞ்ச மண்ணுல விட்டவ இல்ல நீ. எண்ணிப் பொறுக்குவ. இப்ப அழுவ விட்டிருக்க." என் முகத்துக்கு நேரே குனிந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் விடை தெரியாதபோது என் சிலேட்டை எட்டிப் பார்ப்பார்களே, அதே மாதிரி பார்த்தார்கள். "ஒனக்கு என்னமோ தெரியும். சொல்லு. இதுல என்ன இருக்கு?"

என் நாக்கு அன்றைக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

"தம்பிதாங்கம்மா சொன்னான்."

"என்னன்னு?"

"மருந்து கூடிப்போச்சுக்கா, ஊரு திங்கற பொருளு, உப்புல போட்டுடாதன்னு. அடிச்ச அன்னிக்கே சொன்னான். அவனுக்குத் தெரியும்."

அம்மாவிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதே கிடையாது. நல்லபடியாக வந்தது. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

தம்பியின் கையில் ஓஸ் அப்படியே இருந்தது. தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் டிரம்மைப் பார்த்தான். அப்புறம் மெதுவாகத் திரும்பிப் பம்புசெட்டைப் பார்த்தான். கணக்குப் போடுகிறவன் மாதிரி அவன் உதடு மட்டும் அசைந்தது.

"அப்படியாப்பா?" என்றார் ஐயா. "அன்னிக்கே தெரியுமா? தெரிஞ்சும் எங்கிட்ட மூடி கணக்குச் சொன்னியா?"

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். களைக்கொல்லி, அலசு, இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் போதும். என் கூரையும் பங்கும் அந்த நிமிஷத்தோடு போயிருக்கும். நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்கய்யா. தெரியும்" என்றான்.

தப்புச் செய்தவன் அன்றோடு ஏமாற்றுக்காரன் ஆனான். தண்ணீர் கட்டவும் வேண்டாம், படலைத் தாண்டி உள்ளே கால் வைக்கவும் வேண்டாம் என்றார் ஐயா. ஊரில் யாரும் அப்புறம் அவனை மருந்தடிக்கக் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற ஒன்றிரண்டு பேரும் பக்கத்திலேயே நின்று, அவன் மூடியை அவர்கள் கையில் வாங்கிக்கொண்டு அளந்தார்களாம். எஞ்சினை விற்றான். திருப்பூருக்குப் போவதென்று முடிவு பண்ணினான்.

போகிற அன்று காலையில் பையோடு என் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. கஞ்சி தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றான்.

"மூணு தண்ணி அலசச் சொன்னேன்" என்றான்.

நான் கஞ்சிச் சட்டியை மூடினேன்.

"ஒரு தண்ணியாவது அலசினியா?"

தலையை ஆட்டியிருக்கலாம். அவன் அதையும் நம்பியிருப்பான், நம்ப வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தான். என் தலை அசையவில்லை.

"விழுந்தது போதுமாக்கா?" என்றான். குரலில் கோபம் இல்லை. சாப்பாடு போட்டுவிட்டுக் கேட்கிறவன் மாதிரி கேட்டான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கரை ஏறினான். பஸ் வருகிற வரைக்கும் கரை மேல் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மூன்றாவது மரத்தடிக்குப் போய்விட்டேன்.

பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு அந்த வருஷம் எலுமிச்சை ஊறுகாய் வைத்தார்கள். டிரம்மில் இருந்ததைக் குழி தோண்டிப் புதைத்தேன். டிரம் மட்டும் படலண்டையே நின்றது.

ஐயாவுக்கு மருந்து என்றாலே வெறுத்துவிட்டது. அடுத்த வருஷம் மரங்கள் தேறிக் கொஞ்சமாகப் பூத்தன. அதற்கு அடுத்த வருஷம் பழையபடி. பிஞ்சு பழையபடி உதிர்ந்தது. நான் மூன்று வேளையும் சுற்றினேன். ஐந்து ஜாடி, ஒரு வருஷம் ஆறுகூடப் போட்டேன். முதல் ஜாடி ஐயா வீட்டுக்குப் போனது, அங்கிருந்து கஞ்சிக்குப் போனது. அம்மா பழையபடி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்கள். "இந்த வருஷம் ஒன் மரம் நல்லாக் காய்ச்சிருக்கே" என்றார்கள். எனக்குத் தூக்கம் கெட்டது என்று எழுதினால் அது பொய். வயிறு நிறைந்தால் தூக்கம் வருகிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு வருஷம் தவறாமல் போகிறேன். பொறாமைப்பட்டேன், ஜெபத்தில் மனசு அலைந்தது என்று சொல்லுவேன். சாமியாரும் சின்ன அபராதமாகக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

தம்பி பெண்டாட்டி ஊரில்தான் இருக்கிறாள். பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ள எல்லோரும் ஒருவருக்கொருவர் திரும்பிக் கைகூப்புவார்களே, அப்போது கடைசி வரிசை வரைக்கும் எல்லோருக்கும் கூப்புவாள். நான் உட்காரும் தூணண்டை வரும்போது கையை இறக்கிவிடுவாள். அவன் ஊருக்கு வந்து போவதாக மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்தால் கரை வழியாக வருவதில்லை, ரோட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறானாம்.

போன வருஷம் மாசியில் ஐயாவின் மகன் வெளியூரிலிருந்து வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்தார். மறு வாரம் பிஞ்சு உதிராமல் பிடிக்கிற மருந்தை ட்ரோன் வைத்து அடிப்பவர்கள் வந்து இறங்கினார்கள். தண்ணீரைக் கேனில் அவர்களே கொண்டு வந்திருந்தார்கள். மருந்தை அளக்க ஊசி மாதிரி கோடு போட்ட குழாய் வைத்திருந்தார்கள். நான் பம்புசெட்டண்டை போய் நின்றேன். ஒருவர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அந்த இயந்திரம் வண்டு மாதிரி இரைந்துகொண்டு ஒவ்வொரு மரத்தின் தலையிலும் நின்று நின்று போனது. பதினாறு மரத்துக்கும் சோறு வேகிற நேரம்கூட ஆகவில்லை.

"இனிமே அலசறது, அளக்கறது, ஆள நம்பறது ஒன்னும் கெடையாது" என்றார்கள் அம்மா. அலசுவது என்று அவர்கள் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் ட்ரோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒன் பங்கு ஒனக்குத்தான். நாங்க பேச்சு மாற மாட்டோம். விழுந்தா எடுத்துக்க."

இந்த வருஷமும் அடித்தார்கள். மரங்கள் தாங்க முடியாமல் தொங்குகின்றன. கிளைகளுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மூன்று வேளையும் சுற்றுகிறேன், பழக்கம்தானே. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, குனிகிற வேலைதான் அதிகமில்லை.

நேற்று சாயங்காலம் நாலாவது மரத்தடியில் ஒன்று விழுந்தது. சத்தத்திலேயே வடுதான் என்று தெரிந்தது. போய் எடுத்தேன். தோப்பில் யாரும் இல்லை, படலண்டையிலும் யாரும் இல்லை. அந்த டிரம் மட்டும் வெளுத்துப்போய் நின்றது. காம்பு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. மடியில் கட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.